கொட்டில் வீடும் கைக்குழந்தையும்

"கொஞ்ச நாளைக்குத்தானே, சமாளிப்பம்." இடம்பெயர்ந்து வந்து ஒரு கொட்டிலைப் போடும்போது நாம் எல்லோரும் சொல்லிக்கொள்ளும் வார்த்தை இது. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்கள், 1995 ஒக்ரோபர் முடிவில் தென்மராட்சிக்கும் பின்னர் வன்னிக்கும் நடந்தவர்கள், 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தறப்பாளின் கீழ் இருந்தவர்கள் எல்லோருக்கும் இந்த வார்த்தை பொருந்தும். மெனிக் பாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. ஆனால் முகாமை விட்டு வந்த பின்னும் எத்தனையோ குடும்பங்கள் உறவினர் வளவிலும், வாடகைக் காணியிலும், பாதி எழும்பிய வீட்டின் பக்கத்தில் போட்ட கொட்டிலிலும் ஆண்டுக்கணக்காக வாழ்ந்துள்ளன. 1990இல் கைக்குழந்தையாகத் தூக்கி வரப்பட்ட பலர் இன்று தாமே பிள்ளை பெற்றவர்கள்.

பெரியவர்களாகிய எமக்கு அது தற்காலிகக் கொட்டில். எமக்கு முன்னொரு வீடு இருந்தது. இனி ஒரு வீடு வரும் என்ற நம்பிக்கையும் உண்டு. அந்தக் கொட்டிலில் பிறந்த பிள்ளைக்கோ அதுவே முதல் வீடு. முதல் இரண்டு வருடங்களுக்கு அதுவே முழு உலகம். வீட்டுத்திட்டம் வரும்வரை பிள்ளையின் வளர்ச்சி காத்திருக்காது.

ஆகவே இந்தப் பாடத்தில் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். நாம் வாழும் வீட்டின் அமைப்பும் அதன் சூழலும், நாம் எமது கைக்குழந்தையோடு பழகும் விதத்தை எவ்வாறு மாற்றுகின்றன? மாற்றத்தை அறிந்துகொண்டால், கையில் உள்ளதைக் கொண்டே எதைச் சரிசெய்யலாம்?

1. குழந்தை எதனால் வளர்கிறது?

பாலும் உணவும் நித்திரையும் தடுப்பூசியும் பிள்ளைக்குத் தேவை என்பதை நாம் அறிவோம். மருத்துவமாது வந்து நிறை பார்க்கிறார். பதிவேட்டில் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டுகிறார். தராசில் நிறுக்க முடியாத இன்னொரு உணவும் உண்டு. அது பிள்ளை குரல் கொடுக்கும்போது யாராவது மறுகுரல் கொடுப்பது.

பிறக்கும்போது குழந்தையின் மூளை, வளர்ந்தவரின் மூளை நிறையில் ஏறத்தாழக் காற்பங்கு. இரண்டு வயதாகும்போது அது முக்காற்பங்கு அளவை எட்டிவிடுகிறது. வாழ்நாளில் வேறெந்தக் காலத்திலும் மூளை இவ்வளவு வேகமாக வளர்வதில்லை. இந்த வளர்ச்சிக்குத் தீனி, பிள்ளை காணும் முகமும் கேட்கும் குரலும் தொடும் பொருளுமே. பிள்ளை "ஙா" என்கிறது, தாய் "என்னடா குஞ்சு?" என்கிறாள். பிள்ளை கையை நீட்டுகிறது. தகப்பன் விரலைக் கொடுக்கிறார். பிள்ளை கேட்க, நாம் மறுமொழி சொல்ல, மீண்டும் பிள்ளை கேட்க, இப்படி நாளொன்றுக்கு எத்தனையோ தடவை நடக்கிறது. இதைத்தான் எமது ஊர்களில் "பிள்ளைக்குக் கதை கொடுத்தல்" என்கிறோம்.

கதை கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? 1970களில் எட்வேட் ட்ரொனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சிறு பரிசோதனை செய்தார். சில மாதக் குழந்தையோடு சிரித்து விளையாடிக்கொண்டிருந்த தாயை, ஓரிரு நிமிடங்கள் மட்டும் முகத்தில் எந்த அசைவுமின்றி இருக்கும்படி கேட்டுக்கொண்டார். குழந்தை முதலில் சிரித்துப் பார்த்தது. பின் கையை நீட்டியது, குரல் கொடுத்தது. தாயின் முகம் மாறவில்லை. கடைசியில் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு தன்னுள் ஒடுங்கியது. அழுத குழந்தைகளும் உண்டு. தாய் அங்கேயேதான் இருந்தாள். ஆனால் அவள் மறுமொழி தராதது குழந்தைக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

இதே ஆய்வுகள் ஆறுதலான செய்தி ஒன்றையும் தந்தன. நல்ல உறவில் உள்ள தாயும் பிள்ளையும்கூட எந்நேரமும் ஒத்துப்போவதில்லை. தாய் பார்க்கும்போது பிள்ளை வேறு பக்கம் பார்க்கும். பிள்ளை கூப்பிடும்போது தாய்க்குக் கை ஓயாது. அறுந்த நூலை மீண்டும் மீண்டும் முடிந்துகொள்வதே முக்கியம். நாள் முழுவதும் பிள்ளையோடு இருக்க முடியாத உழைப்பாளிக் குடும்பங்கள் இதை மனதில் வைத்திருக்க வேண்டும்.

2. பழைய வளவு செய்த வேலை

எமது பழைய வளவுகளை நினைத்துப் பார்ப்போம். முற்றம், திண்ணை, குசினி, கிணற்றடி, வேலி ஓரத்து வேம்பு. சாணத்தால் மெழுகிய தரையில் பிள்ளை தவழும். தாய் குசினியில் இருந்தாலும் பிள்ளை அவள் கண்ணுக்குத் தெரியும். அம்மம்மா பாயில் காலை நீட்டியிருந்து பிள்ளையை மடியில் கிடத்திக் கதை சொல்வார். படலையால் வருகிற ஒவ்வொருவரும் பிள்ளையோடு இரண்டு வார்த்தை கதைக்காமல் போகமாட்டார்கள். பிள்ளைப்பேற்றின் பின் முப்பத்தோராம் நாள் வரை தாய்க்குச் சரக்குக் கறியும் ஓய்வும் கொடுக்க ஆள் இருந்தது. முதற்பல் முளைத்தால் உறவைக் கூப்பிட்டுப் பல்லுக்கொழுக்கட்டை சொரிந்து, பிள்ளையின் முன் பல பொருள்களைப் பரப்பி, அது எதை எடுக்கிறது என்று எல்லோரும் பார்த்திருப்போம்.

எமது முன்னோர் குழந்தை வளர்ச்சியைக் கூர்ந்து கவனித்தார்கள் என்பதற்குப் பிள்ளைத்தமிழ் இலக்கியமே சான்று. செங்கீரை, சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்று அதில் வரும் பருவங்களைப் பாருங்கள். கையூன்றித் தலையை நிமிர்த்தி ஆடு, கைகொட்டு, முத்தம் தா, நடந்து வா என்று ஒவ்வொன்றிலும் பெரியவர் ஒருவர் குழந்தையை அழைக்கிறார். பிறகு நிலவையும் குழந்தையோடு விளையாட வரச் சொல்கிறார். பிள்ளை தானாக வளராது, அழைக்க அழைக்க வளரும் என்ற அறிவு இதில் இருக்கிறது.

பழைய வளவில் குறைகளும் இருந்தன. வறுமையும் நோயும் இருந்தன. ஆயினும் பிள்ளையோடு கதைப்பதற்கு அங்கு யாரும் தனியாக முயற்சி எடுக்க வேண்டியிருக்கவில்லை. முற்றமும் திண்ணையும் அயலும் அந்த வேலையில் பாதியைச் செய்தன. இடம்பெயர்ந்தபோது நாம் காணியையும் கால்நடையையும் இழந்ததைக் கணக்கெடுத்தோம். இந்த இழப்பை எவரும் கணக்கில் எழுதவில்லை.

3. கொட்டில் எம்மை எப்படி மாற்றுகிறது?

(அ) நெருக்கமும் சத்தமும்: ஒரே அறையில் ஆறேழு பேர். பக்கத்துக் கொட்டிலின் சண்டை, வானொலி, தொலைக்காட்சி, கைத்தொலைபேசிப் பாட்டு எல்லாம் ஒரே தறப்பாளுக்கு இப்பாலும் அப்பாலும். மனிதர் இத்தகைய இடத்தில் தம்மைக் காத்துக்கொள்ள ஒரு வழியைக் கைக்கொள்கிறார்கள்: காதை மூடாமலே காதை மூடிக்கொள்வது. எல்லாச் சத்தத்தையும் தள்ளிவைக்கப் பழகிய தாய்க்குப் பிள்ளையின் மெல்லிய "ஙா"வும் கேளாமற் போகிறது. அழுகை மட்டுமே கேட்கிறது. பிள்ளையும் அழுதால்தான் ஆள் வரும் என்று கற்றுக்கொள்கிறது.

அமெரிக்காவில் கேரி எவன்ஸ் முதலான ஆய்வாளர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வொன்று, நெருக்கமான வீடுகளில் வாழும் பெற்றோர் சிறுபிள்ளைகளோடு எளிய சொற்களிலேயே கதைக்கிறார்கள் என்றும், பிள்ளையின் குரலுக்கு மறுமொழி கொடுப்பதும் குறைகிறது என்றும் காட்டியது. வருமான வேறுபாட்டைக் கணக்கில் எடுத்த பின்னும் முடிவு மாறவில்லை. அதாவது வறுமை ஒரு காரணமாக இருக்க, வீட்டின் நெருக்கம் தனியே இன்னொரு காரணமாக வேலை செய்கிறது. தொலைக்காட்சி பற்றி 2009இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வில், இரண்டு மாதம் முதல் நான்கு வயது வரையான பிள்ளைகளின் வீடுகளில் ஒலிப்பதிவு செய்து பார்த்தார்கள். தொலைக்காட்சிச் சத்தம் கேட்ட ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும், பிள்ளை பெரியவரிடமிருந்து கேட்ட சொற்கள் ஏறத்தாழ 770 குறைந்திருந்தன. பெட்டி கதைக்கும்போது வீட்டார் கதைப்பதில்லை.

(ஆ) தரை: தவழும் பிள்ளைக்குத் தரைதான் பள்ளிக்கூடம். கொட்டிலின் தரையோ பயத்தைத் தருகிறது. மூன்று கல் அடுப்பு, கொதிக்கும் பானை, குப்பி விளக்கு, சோடாப் போத்தலில் மண்ணெண்ணெய், களைநாசினி, மண்வெட்டி, அறுவாள் எல்லாம் அதே தரையில் இருக்கின்றன. வெளியே கட்டில்லாக் கிணறு. மாரியில் பாம்பும் பூச்சியும். இந்நிலையில் தாய் என்ன செய்வாள்? பிள்ளையை ஏணையிலேயே போட்டுவைப்பாள். இறக்கினாலும் "தொடாதை, போகாதை, வாயிலை வைக்காதை" என்பதே பேச்சாகிறது. இது கண்டிப்பான குணம் அல்ல, அவளது பயம். ஆனால் பிள்ளைக்குக் கிடைப்பது ஏணைச் சேலையின் உட்புறமும் "தொடாதை" என்ற சொல்லும்.

(இ) இருளும் புகையும்: பிறந்த குழந்தைக்குத் தெளிவாகத் தெரியும் தூரம் ஏறத்தாழ 20 முதல் 30 சென்ரிமீற்றர், ஒரு சாணும் அதற்குச் சற்று மேலும். பால் குடிக்கும்போது தாயின் முகம் இருக்கும் தூரமும் அதுவே. யன்னல் இல்லாத கொட்டிலில் தாய் வாசலுக்கு முதுகைக் காட்டி இருந்து பால் கொடுக்கிறாள். வெளிச்சம் அவள் முதுகில் விழ, முகம் இருளில் கிடக்கிறது. அடுப்புப் புகையில் கண் எரியும்போது எவரும் பிள்ளையின் முகம் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள்.

(ஈ) துணையின்மையும் மனப்பாரமும்: அம்மம்மா வேறு ஊரில், சின்னம்மா வெளிநாட்டில், தகப்பன் கூலிவேலைக்கு விடியுமுன் போய் இருண்டபின் வருகிறார். தகப்பன் இல்லாத வீடுகளும் பல. தண்ணீருக்கு நடை, விறகுக்கு நடை, கடனுக்கு நடை. இதற்கு மேலாகக் காணாமற்போனவர், இறந்தவர் பற்றிய துயரம். துயரம் கூடிய தாயின் முகம், தான் அறியாமலே, அந்தப் பரிசோதனையில் வந்த அசைவற்ற முகமாகிவிடுகிறது. அவளுக்குப் பிள்ளையில் பாசம் இல்லை என்று அயலார் கதைப்பதுண்டு. பாசம் இருக்கிறது, அது முகத்துக்கு வரப் பெலன் இல்லை.

இங்கே நாம் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மிளகாய் நாற்று மெலிந்து போனால் எந்தக் கமக்காரனும் நாற்றை ஏசுவதில்லை. நாற்றுமேடையைப் பார்க்கிறான்: வெயில் கூடவா, நீர் தேங்குகிறதா, மேடை கிணற்றுக்குத் தூரமா, மேலே கிடுகு போட வேண்டுமா என்று யோசிக்கிறான். தாயும் பிள்ளையும் பழகும் விதத்தில் குறை தெரிந்தால், தாயை ஏசுமுன் வீட்டைப் பார்ப்போம்.

4. ஜமெய்க்கா தரும் பாடம்

வீடு ஏழையாக இருக்கும்போது முதலில் வசதி வரட்டும், பிள்ளையோடு விளையாடுவது பிறகு என்று எண்ணத் தோன்றும். அது சரியா என்பதற்குக் கரீபியன் கடலில் உள்ள ஜமெய்க்கா தீவின் அனுபவம் விடை தருகிறது.

1986-87இல் அந்நாட்டுத் தலைநகர் கிங்ஸ்ரனின் வறிய பகுதிகளில், போசாக்கின்மையால் வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 பிள்ளைகளை சலி கிரந்தம்-மெக்ரெகர் என்ற மருத்துவ ஆய்வாளரும் அவரது குழுவினரும் தெரிவுசெய்தார்கள். பிள்ளைகளின் வயது 9 மாதம் முதல் 24 மாதம் வரை. அவர்களை நான்கு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வாரந்தோறும் பால்மா. இன்னொரு பிரிவுக்கு வாரத்தில் ஒரு மணித்தியாலம் சுகாதாரத் தொண்டர் ஒருவர் வீட்டுக்கு வந்து, தாயும் பிள்ளையும் சேர்ந்து விளையாடவும் கதைக்கவும் பழக்கினார். மூன்றாம் பிரிவுக்கு இரண்டும் கிடைத்தன. நான்காம் பிரிவுக்கு இவை எதுவும் இல்லை. இது இரண்டு வருடம் நடந்தது.

அந்தத் தொண்டர்கள் பட்டதாரிகள் அல்லர். அப்பகுதிச் சுகாதார உதவியாளர்கள். கொண்டுவந்த விளையாட்டுப் பொருள்கள், வீட்டில் எறியப்படும் பொருள்களிலிருந்து செய்தவை. தாயை ஒதுக்கிவிட்டு அவர்கள் பிள்ளைக்குப் படிப்பிக்கவில்லை. தாயை நடுவில் வைத்து, அவள் செய்ததை மெச்சி, அவள் கையாலேயே செய்வித்தார்கள்.

இரண்டு வருட முடிவில் பால்மாவும் பலன் தந்தது, விளையாட்டும் பலன் தந்தது. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல, பால்மாவினால் மட்டும் வந்த பலன் தேய்ந்துபோனது. விளையாட்டால் வந்த பலன் நிலைத்தது. இருபது ஆண்டுகளின் பின் அப்பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போனபோது மீண்டும் தேடிப் பார்த்தார்கள். தாயோடு விளையாடப் பழக்கப்பட்டவர்களின் உழைப்பு மற்றவர்களைவிட 25 வீதம் கூடுதலாக இருந்தது. இந்த முடிவு 2014இல் வெளியிடப்பட்டது.

உணவு தேவையில்லை என்பது இதன் பொருளல்ல. பசித்த பிள்ளை விளையாடாது. அந்தக் குடும்பங்கள் வேறு வீட்டுக்கு மாறவில்லை, அவர்களது வறுமையும் தீரவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது. அதே நெருக்கமான வீட்டுக்குள் வாரத்தில் ஒரு மணித்தியாலம் யாரோ ஒருவர் வந்து தாயின் பக்கத்தில் இருந்தார். தாயின் பழக்கம் மாறியது. பிள்ளையின் வாழ்க்கையும் மாறியது.

5. நாம் செய்யக்கூடியவை

பணம் இன்றி, அல்லது மிகச் சிறு செலவில் செய்யக்கூடியவற்றையே இங்கு தருகிறோம்.

ஒரு பாய் அளவு இடம்: கொட்டில் முழுவதையும் பாதுகாப்பாக்க முடியாது. ஒரு பாய் அளவு இடத்தை ஆக்கலாம். அடுப்பு இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், தாய் வேலை செய்யும்போது கண்ணுக்குத் தெரியும் இடத்தில், தரையை மெழுகி ஒரு பாயைப் போடுங்கள். சுற்றிவர முழங்கால் உயரத்துக்குத் தடி நட்டு, மட்டையால் அடைப்புக் கட்டலாம். கூரான முனைகள் உள்ளே நீட்டக்கூடாது. அந்தப் பாய்க்குள் பிள்ளை தொடக்கூடாத எதுவும் இருக்கக்கூடாது. அப்போது "தொடாதை" என்ற சொல்லுக்கு வேலை இல்லை. மண்ணெண்ணெய், களைநாசினி, கத்தி யாவும் கூரைவளையில் தொங்கட்டும். மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் வைக்கவே வேண்டாம். கிணற்றுக்குக் கட்டு இல்லையென்றால் வேலியாவது அடையுங்கள்.

ஏணைக்கு ஒரு கணக்கு: நித்திரைக்கு ஏணை நல்லது. விழித்திருக்கும் பிள்ளைக்கு அது சிறை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையை அசைய இடமில்லாதபடி ஒரே தடவையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. இன்னும் தவழாத பிள்ளையை, விழித்திருக்கும்போது, நாளொன்றுக்கு மொத்தமாக 30 நிமிடமாவது குப்புறக் கிடத்தி விளையாடவிட வேண்டும். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். நித்திரைக்கு எப்போதும் மல்லாக்கக் கிடத்துங்கள். பிள்ளையைத் தூக்கினால் பழுதாகும் என்று சொல்வார்கள். கனடாவில் 1986இல் வெளியான ஆய்வொன்றில், நாளாந்தம் கூடுதலாகத் தூக்கி வைத்திருந்த ஆறு வாரக் குழந்தைகள், மற்றக் குழந்தைகளைவிட 43 வீதம் குறைவாகவே அழுதன. தகப்பனின் தோளும் தூக்குவதற்குத்தான்.

முகத்தில் வெளிச்சம்: பால் கொடுக்கும்போது வாசலைப் பார்த்திருங்கள், அல்லது பக்கவாட்டில் இருங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும். கிடுகு மறைப்பில் ஒரு சிறு யன்னல் வெட்ட ஒரு சதமும் செலவில்லை, புகையும் வெளியேறும். இயன்றால் அடுப்பை ஒரு பத்தியிறக்கி வெளியே கொண்டுபோங்கள்.

வேலையோடு கதை: "எங்களுக்குப் பிள்ளையோடை இருந்து கதைக்க எங்கை நேரம்?" என்பது நியாயமான கேள்வி. தனியாக நேரம் தேட வேண்டாம். அரிசி புடைக்கும்போது "இது சுளகு, இது அரிசி, குருவிக்குக் கொஞ்சம்" என்று சொல்லலாம். குளிக்கவார்க்கும்போது கை, கால், மூக்கு என்று பெயர் சொல்லித் தொடலாம். மூன்று படிகளை நினைவில் வைத்திருங்கள்: பாருங்கள், காத்திருங்கள், கதையுங்கள். பிள்ளை எதைப் பார்க்கிறது என்று பாருங்கள். அது குரல் கொடுக்கும்வரை சற்றுக் காத்திருங்கள். பிறகு அதற்கு மறுமொழி சொல்லுங்கள். நடுவிலுள்ள காத்திருத்தலைத்தான் நாம் அதிகம் மறக்கிறோம்.

சத்தம் ஓயும் நேரம்: நாளில் ஒரு மணித்தியாலமாவது, பின்னேரம் என்றால் நல்லது, வானொலியும் தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் நிற்கட்டும். பக்கத்து வீட்டாரோடு கதைத்து ஒரே நேரத்தை வகுத்துக்கொண்டால் வரிசை முழுவதும் அமைதியாகும். அழும் பிள்ளையை அமர்த்தக் கைத்தொலைபேசியைக் காட்டும் வழக்கம் பரவியுள்ளது. இரண்டு வயது ஆகும்வரை பிள்ளைக்குத் திரை எதுவும் வேண்டாம் என்றே மேற்சொன்ன வழிகாட்டல் கூறுகிறது.

விளையாட்டுப் பொருள்: உரஞ்சி மினுக்கிய சிரட்டைகள் இரண்டு, பழஞ்சீலைப் பந்து, பனையோலைக் கிலுகிலுப்பை, மூடியை நன்றாக இறுக்கிய போத்தலுக்குள் சில கற்கள், விளிம்பு வெட்டாத பால்மாப் பேணி. இவை போதும். பிள்ளையின் வாய்க்குள் முழுதாகப் போகக்கூடிய எதையும் கொடுக்காதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றிரண்டைக் கொடுத்து, மற்றவற்றை மறைத்து வைத்து மாற்றிக் கொடுங்கள்.

தகப்பன்மாருக்கு: வேலையால் வந்து, கை கால் கழுவியபின், முதற் பத்து நிமிடம் பிள்ளைக்கு. களைநாசினி அடித்த உடுப்போடு பிள்ளையைத் தூக்க வேண்டாம்; குளித்துவிட்டுத் தூக்குங்கள். பிள்ளை உங்கள் குரலை வேறாகவும் தாயின் குரலை வேறாகவும் அறியும். அதற்கு இரண்டும் வேண்டும்.

அயலில் ஓர் அம்மம்மா: அநேகமாக எல்லா வரிசையிலும் பேரப்பிள்ளைகளைப் பிரிந்த ஒரு முதியவர் இருக்கிறார்; பக்கத்தில் தாய் துணையின்றிப் பிள்ளை வளர்க்கும் ஓர் இளம்பெண் இருக்கிறாள். இந்த இருவரையும் சேர்த்துவைக்க வெளியார் உதவி தேவையில்லை. வாரத்தில் ஒரு நாள், ஒரு மணித்தியாலம். ஜமெய்க்காவில் நடந்ததும் இதற்கு மிக நெருங்கியதுதான். மாதர் சங்கங்கள் இதைப் பொறுப்பேற்கலாம்.

வீட்டுத்திட்டத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்னோர் அறைக்காகக் கடன்படுமுன், குசினி வாசலோடு நிழலான ஒரு திண்ணையை யோசியுங்கள். பிள்ளை இருக்க, தாய் பார்க்க, அயலார் வந்து கதைக்க அது இடம் தரும். பழைய வளவிலிருந்து நாம் காவிவர வேண்டியவற்றில் அதுவும் ஒன்று.

6. எப்போது உதவி தேட வேண்டும்?

மூன்று மாதமாகியும் பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்காவிட்டால், ஆறு மாதமாகியும் சத்தம் வந்த பக்கம் திரும்பாவிட்டால், மருத்துவமாதிடம் சொல்லுங்கள். அடுத்த நிறை பார்க்கும் நாள் வரை வைத்திருக்க வேண்டாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காது பற்றிய குறைபாட்டை எவ்வளவு முந்தி அறிகிறோமோ அவ்வளவு நல்லது.

தாயையும் கவனிப்போம். பிள்ளை பிறந்த முதற் சில நாட்களில் காரணமின்றி அழுகை வருவது பலருக்கும் நடப்பது, தானாகப் போய்விடும். இரண்டு கிழமைக்கு மேலும் நித்திரை இல்லை, சாப்பாடு செல்லவில்லை, எதிலும் பிடிப்பில்லை, பிள்ளையைப் பார்க்கவும் மனமில்லை என்றால் அது நோய். அதற்கு வைத்தியம் உண்டு. "பொறுத்துக்கொள்" என்று சொல்லாமல் கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டும். தனக்கோ பிள்ளைக்கோ ஏதும் செய்துவிடுவேன் என்று அவள் சொன்னால், அவளைத் தனியே விடாமல் அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். அவள் திரும்பி வரும்வரை பிள்ளைக்குக் கதை கொடுப்பது மற்றவர்களின் வேலை.

கலந்துரையாடலுக்கு

(மாதர் சங்கத்திலோ கமக்காரர் கூட்டத்திலோ இப்பாடத்தை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டு, சிறு குழுக்களாகப் பிரிந்து கதைக்கலாம். தகப்பன்மாரும் அமர்வது நல்லது.)

1. எங்கள் பழைய வளவில் பிள்ளையோடு கதைப்பதற்கு யார் யார் இருந்தார்கள்? இன்று யார் இருக்கிறார்கள்?

2. எங்கள் கொட்டிலில் பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் எங்கே இருக்கிறது? அங்கிருந்து அதற்கு என்ன தெரிகிறது, என்ன கேட்கிறது? பிள்ளை கிடக்கும் இடத்தில் நீங்களும் ஒருமுறை படுத்துப் பாருங்கள்.

3. நேற்றைய நாளில் பிள்ளைக்கு எத்தனை தடவை "தொடாதை" என்று சொன்னோம்? எந்தப் பொருளை இடம்மாற்றினால் அது குறையும்?

4. எங்கள் வரிசையில் தனியே பிள்ளை வளர்க்கும் தாய் யார்? வாரத்தில் ஒரு மணித்தியாலம் அவளிடம் போகக்கூடியவர் யார்? அவளைக் கேட்டு, எந்த நாள் என்று தீர்மானியுங்கள்.

5. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குடும்பமும் வீட்டில் உள்ள பொருளில் செய்த ஒரு விளையாட்டுப் பொருளைக் கொண்டுவாருங்கள். கைக்குழந்தைகளையும் கூட்டிவாருங்கள். பொருள் நல்லதா இல்லையா என்பதை அவர்கள் சொல்வார்கள்.